பேட் வெச்சிருக்கிறவன் முதல் ஆள்!

தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் இந்தச் சட்டம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ரெண்டு கேப்டன். ஓட்டாஞ்சில்லில் ஒரு பக்கம் எச்சில் துப்பி, சுண்டிவிட்டு, 'ஈரமா, காய்ஞ்சதா?' என்று டாஸ். ஜெயித்தவன் முதல் ஆளை எடுக்கலாம். யாரை எடுப்பான்? நன்றாக பேட்டிங் ஆடுகிறவனை என்று நினைத்தால் நீங்கள் தெருவில் ஆடியதில்லை. பேட் வெச்சிருக்கிறவனைத்தான் எடுப்பான்! அவனை ரெண்டாவதாகக் கூப்பிட்டால், 'எங்கம்மா கூப்பிடறாங்க' என்று பேட்டோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். ரெண்டாவது ஆள், பந்து வெச்சிருக்கிறவன். மூணாவதாகத்தான் ஆடத் தெரிந்தவன்.

இப்படியே கூப்பிட்டு முடித்தால் கடைசியில் ஒருத்தன் மிஞ்சுவான். அவன் ஒப்புக்குச் சப்பாணி. ரெண்டு டீமுக்கும் ஃபீல்டிங் செய்வான். சாக்கடையில் விழுந்த பந்தை எடுப்பான். பேட்டிங் மட்டும் வராது. இருட்டிவிடும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருவில் பல வருஷம் நான்தான் கேப்டன். (ஆட்டத்தால் அல்ல. ஸ்டம்ப் என்னுடையது.)

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? வருஷா வருஷம் ஐ.பி.எல். தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஓர் அரசவை கூடும். எட்டுப் பேர். ஆளுக்குப் பதினோரு ஆட்டக்காரர்கள். ஒருத்தர் எடுத்த ஆளை மற்றவர் எடுக்கக் கூடாது. சீசன் முடிய அவர்கள் அடிக்கிற ரன், எடுக்கிற விக்கெட் எல்லாவற்றுக்கும் நோட்டில் புள்ளி. காசு பணம் கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் கொண்டுவந்தபோதும் எங்கள் அரசவைக்குச் சேதமில்லை. கடைசியாக வருகிறவர் எட்டுக் குடும்பத்துக்கும் டிபன் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் அபராதம்.

எடுக்கும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. சீட்டு குலுக்கி ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசை. முதல் ரவுண்டு ஒன்றாம் நம்பரிலிருந்து. ரெண்டாவது ரவுண்டு எட்டிலிருந்து திரும்பி வரும். பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகும். முதல் சீட்டு வந்தவருக்கு நாட்டிலேயே சிறந்த ஆள் கிடைப்பார். ஆனால் அடுத்த முறை அவர் வாய் திறப்பதற்குள் பதினாலு பேர் போய்விடுவார்கள். எட்டாம் நம்பர்காரர் பாவம் என்று பார்த்தால், அவருக்கு அடுத்தடுத்து ரெண்டு ஆள். கல்யாணப் பந்தியில் கடைசி இலை மாதிரி. லேட்டாகத்தான் வரும், ஆனால் அப்பளம் ரெண்டு விழும்.

சரி, முதல் ரெண்டு மூணு ரவுண்டில் யாரை எடுப்பது? பி.காம். படித்த காலத்தில் 'ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்' என்று ஒரு பாடம். அன்று புரியவில்லை, மந்தைவெளியில் காய் வாங்கும்போதுதான் புரிந்தது. தள்ளுவண்டியைச் சுற்றி எட்டு பேர். தக்காளி மலை மாதிரி குவிந்திருக்கிறது. நல்ல கருணைக்கிழங்கு ரெண்டே ரெண்டு. விவரமான மாமி எதில் முதலில் கை வைப்பார்? கிழங்கில்தான். தக்காளி எட்டாவது ஆளுக்கும் கிடைக்கும். ஆள் எடுப்பதும் அப்படித்தான். 'யார் பெரிய ஆள்?' என்று கேட்கக் கூடாது. 'இவரை விட்டால் இதே மாதிரி இன்னொருத்தர் அடுத்த சுற்றில் கிடைப்பாரா?' என்று கேட்க வேண்டும். ஓப்பனிங் பேட்ஸ்மேன் தக்காளி. நாலு ஓவரும் போட்டு, முப்பது ரன்னும் அடிக்கிற ஆல்ரவுண்டர் கருணைக்கிழங்கு.

பெரிய இடத்திலும் இதே கணக்குதான். 2008 பிப்ரவரி 20, மும்பையில் முதல் ஐ.பி.எல். ஏலம். மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு திராவிட், டெல்லிக்கு ஷேவாக், பஞ்சாபுக்கு யுவராஜ் என்று ஐந்து ஊருக்கு 'ஐகான்' ஆட்டக்காரர்கள். சென்னைக்கு யாரும் இல்லை. 'அடடா, நமக்கு ஒருத்தரும் இல்லையே' என்று நாம் வருத்தப்பட்டோம். அப்போது சென்னை அணியை வைத்திருந்தது இந்தியா சிமெண்ட்ஸ். அதன் அலுவலகம் எங்கள் ஆர்.ஏ.புரத்தில்தான், சாந்தோம் நெடுஞ்சாலையில். அவர்கள் கணக்கு வேறு.

ஒவ்வொரு அணியின் கையிலும் ஐம்பது லட்சம் டாலர். ஐகானுக்கு, அந்த அணியில் அதிக விலை போனவரைவிட 15 சதவிகிதம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. தோனிக்குச் சென்னை கொடுத்தது 15 லட்சம் டாலர். அதே விலைக்கு மும்பை எடுத்திருந்தால் டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் எண்ணி வைக்க வேண்டும். ரெண்டே பேருக்கு 32.25 லட்சம்! மீதி டீமுக்கு என்ன செய்வது? சென்னைக்கு அந்தத் தொல்லையே இல்லை. கையில் ஆள் இல்லாததே பலமாகிப் போச்சு.

ஏலம் இல்லாமல், எங்கள் மொட்டை மாடி மாதிரியே முறை வைத்து ஆள் எடுத்ததும் உண்டு. அதே 2008-ல், 19 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு. அந்த வயதுக்கான உலகக் கோப்பையை ஜெயித்து வந்த கேப்டன் டெல்லிப் பையன். டெல்லி அணிக்கு முன்னாடியே கூப்பிட வாய்ப்பு இருந்தது. அவர்கள் எடுத்தது பிரதீப் சங்வான் என்ற இடது கை வேகப்பந்து வீச்சாளரை. பேட்டிங்கில்தான் ஷேவாக், கம்பீர் எல்லாம் இருக்கிறார்களே! கணக்குப்படி தப்பே சொல்ல முடியாது. விட்டுவிட்ட அந்தக் கேப்டன் பையனைப் பெங்களூரு எடுத்துக்கொண்டது. பெயர் விராட் கோலி. 2025 ஜூன் 3-ஆம் தேதி பெங்களூரு முதல் கோப்பையை ஜெயித்தபோது, பதினெட்டாவது சீசனிலும் அதே அணியில் நின்று அழுதார்.

2015 டிசம்பரில் இன்னொரு தடவை நடந்தது. சென்னையும் ராஜஸ்தானும் ரெண்டு வருஷம் தடை வாங்கியிருந்த நேரம். அவற்றின் ஆட்களைப் புனேவும் குஜராத்தும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். புனே முதலில் தோனியைக் கூப்பிட்டது. குஜராத் ரெய்னாவை. முதலில் கூப்பிடப்பட்டவருக்கு 12.5 கோடி. ஐந்தாவதாகக் கூப்பிடப்பட்டவருக்கு 4 கோடி. எத்தனாவதாகக் கூப்பிட்டார்கள் என்பதுதான் சம்பளம்!

இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்தது 2025 பிப்ரவரியில், ஒரு வங்கியில்.

வீட்டுக் கடன் விஷயமாகப் போயிருந்தேன். (மாதச் சம்பளம் இல்லாமல் பத்திரிகையில் எழுதுகிறவன் கடன் கேட்டுப் போவது தனி நகைச்சுவை. அதை இன்னொரு வாரம் சொல்கிறேன்.) மேனேஜர் ஃபைலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஃபைலைப் பார்த்தார்.

"டேய்... ஸ்டம்ப்பு!"

எங்கள் தெரு ஒப்புக்குச் சப்பாணி! முன்தலை காலி. மற்றபடி அதே முகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாதி சந்தோஷம், பாதி, கடன் கிடைத்துவிடும் என்ற அல்ப சந்தோஷம். காபி வந்தது. பழைய கதை ஓடியது. நடுவில் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"நீ கேப்டனா இருந்தப்ப என்னை எத்தனாவது ஆளா கூப்பிடுவே, ஞாபகமிருக்கா?"

"கடைசியா இருக்கும்" என்று வழிந்தேன்.

"கூப்பிட்டதே இல்லைடா. எல்லாரையும் கூப்பிட்டு முடிச்சதும் 'சரி, ஆட்டத்தை ஆரம்பி'ம்பே. நான் மீதி இருந்தேன். அவ்வளவுதான்."

கோபமில்லாமல்தான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் குடும்பம் தெருவைக் காலி செய்துகொண்டு போனதைக்கூட நாங்கள் கவனிக்க ஒரு வாரம் ஆயிற்று. சாக்கடையில் பந்து விழுந்தபோதுதான், 'டேய், அவன் எங்கேடா?' என்று தேடினோம்.

அந்த வருஷம் எங்கள் அரசவையில் ஓர் இடம் காலியிருந்தது. கூப்பிட்டேன். முதல் தடவையாக, பெயர் சொல்லி. வந்தான்.

சீட்டு குலுக்கியதில் அவனுக்கு ஒன்றாம் நம்பர். எனக்கு ரெண்டு. மேல் வீட்டு ஆடிட்டர் மாமா பேனாவைத் திறந்துகொண்டு, "சொல்லுங்கோ சார், கோலியா, பும்ராவா?" என்றார்.

"சாய் சுதர்சன்."

மாடியே சிரித்தது. கெட்ட ஆட்டக்காரர் என்றல்ல. நம்ம சென்னைப் பையன்தான். 2023 ஃபைனலில் நம்ம டீமையே 47 பந்தில் 96 அடித்துக் கலங்கடித்தவர்தான். ஆனால் கோலி, பும்ரா எல்லாம் பாக்கியிருக்கும்போது முதல் ஆளாகவா? மூணாவது ரவுண்டில் சாவகாசமாக எடுக்கலாமே!

"நான் பேங்க்காரன் சார். ஒரே நாள்ல மொத்தமா கட்டிட்டு மூணு மாசம் காணாமப் போறவன் வேணாம். மாசா மாசம் அஞ்சாம் தேதி ஈ.எம்.ஐ. கட்டறவன் போதும்" என்றான்.

அடுத்து நான். ஆல்ரவுண்டர், கருணைக்கிழங்கு என்று இவ்வளவு நேரம் உங்களிடம் அளந்தேனே, அதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, "ரிஷப் பண்ட்!" என்றேன். காரணம்? 27 கோடி! ஐ.பி.எல். ஏலத்தில் அதுவரை யாரும் போகாத விலை. அத்தனை கோடி கொடுத்தவன் முட்டாளா என்ன?

முடிவு உங்களுக்கே தெரியும். சாய் சுதர்சன் 759 ரன், ஆரஞ்சுத் தொப்பி. என் 27 கோடி 269 ரன். அதிலும் 118 கடைசி லீக் ஆட்டத்தில் வந்தது. பரீட்சை முடிந்து மணி அடித்த பிறகு அடிஷனல் ஷீட் கேட்ட மாதிரி. அன்று ராத்திரி நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தியில் பட்டது. இருபத்தைந்து வருஷமாகியும் நான் இன்னும் பேட் வெச்சிருக்கிறவனைத்தான் முதலில் கூப்பிடுகிறேன்.

ஆனாலும் கடைசி இடம் எனக்கில்லை. முதல் நாலு ரவுண்டும் மஞ்சள் சட்டையாகவே எடுத்த ஆடிட்டர் மாமா இருக்கும்போது எனக்கென்ன கவலை? அந்த வருஷம் சென்னை பத்தாவது இடம், மாமா எட்டாவது இடம். எட்டுக் குடும்பத்துக்கும் இட்லி, வடை, ரவா தோசை.

டிபன் சாப்பிடும்போது நண்பனைத் தனியாக ஓரங்கட்டினேன். "ஈ.எம்.ஐ. கதையெல்லாம் வேணாம். நிஜமா ஏன் அவரை முதல்ல எடுத்தே?"

வடையைச் சட்னியில் புரட்டிக்கொண்டே சொன்னான். "2022 ஏலத்துல 20 லட்சத்துக்குப் போனான்டா. அதான் ஆரம்ப விலை. குஜராத் கை தூக்கினான், வேற எவனும் தூக்கலை. அடுத்த வருஷம் நம்ம தமிழ்நாடு லீக் ஏலத்துல கோவைக்காரன் 21.6 லட்சம் கொடுத்தான். ஐ.பி.எல். சம்பளத்தைவிட அது ஜாஸ்தி! அவ்வளவு ஆடியும் அந்த விலைல ஒருத்தன் இருந்தான்னா... முதல் ஆளா ஒரு தடவை யாராவது கூப்பிடட்டுமேன்னு தோணிச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் தட்டிலிருந்த வடையை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

கடன் கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கிடைத்தது. எல்லாருக்கும் போடுகிற அதே வட்டிதான், கால் சதவிகிதம்கூடக் குறைக்கவில்லை. மாசா மாசம் அஞ்சாம் தேதி சாய் சுதர்சன் மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறேன்!