வாழப்பாடிக்குத் தயிர் கற்றுத்தர வந்தவருக்கு

போன வாரம் வாழப்பாடியில் ஒரு பெற்றோர் கூட்டம். ஊட்டச்சத்து பற்றிப் பேச வந்தவர் அரைமணி நேரம் பேசினார். வீட்டுத் தயிரில் என்ன கிருமி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாதாம். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் சளி பிடிக்குமாம். யோகர்ட் வேறு, தயிர் வேறாம். ஆகவே பழச்சுவை சேர்த்த கப்பை வாங்கி டிபன் டப்பாவோடு வைத்து அனுப்ப வேண்டுமாம். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் கறவை மாடு வைத்திருப்பவர்கள். அந்த முகங்களைப் பார்த்தாவது நிறுத்தியிருக்கலாம்.

2023 மார்ச்சில் ஆவின் தயிர் பாக்கெட்டில் ‘தஹி’ என்று இந்திப் பெயரை அச்சிடச் சொல்லி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டபோது தமிழ்நாடே கொதித்தது. சில நாளில் உத்தரவு மாறியது. பெயருக்கு அவ்வளவு ரோஷப்பட்டவர்கள் நாம். இவர் தயிரையே பிடுங்கிக்கொண்டு போகிறார், கைதட்டுகிறோம்.

கிருமிக்கு வருவோம். 1905இல் ஸ்டாமென் கிரிகொரோவ் என்ற பல்கேரியர், ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்தபோது, தன் நாட்டுத் தயிரை நுண்ணோக்கியில் வைத்துத்தான் லாக்டோபாசில்லஸ் வகைக் கிருமி ஒன்றைக் கண்டார். ‘பல்காரிகஸ்’ என்ற பெயர் அதனால் வந்தது. அதையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸையும் சேர்த்துத்தான் இன்றும் யோகர்ட் செய்கிறார்கள். ஆக, அடுப்படியிலிருந்து ஆய்வகத்துக்குப் போன சரக்கு இது. நம் உறைமோரில் இன்னும் சில வகைகள் கலந்திருக்கும். இன்ன வகை, இத்தனை எண்ணிக்கை என்று சொல்ல முடியாததால் ‘புரோபயாடிக்’ என்று நாம் மார்தட்ட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புளித்தபின் மறுபடி சூடாக்கி அடைத்த கப்பில் அந்தத் தயிர்க் கிருமிகள் அநேகமாக உயிரோடு மிஞ்சாது. அதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

சளி வைரஸால் வருவது. தயிரின் மேல் பழி போடுவதற்கு ஊட்டச்சத்து படித்தவர் தேவையில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி போதும்.

அவர் தொடாத விஷயம் சர்க்கரை. கப்பின் பின்பக்கம் சேர்மானங்களை அளவில் அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. பல கப்புகளில் பாலை அடுத்து நிற்பது சர்க்கரைதான். பழம் எங்கோ வாலில். சேர்க்கும் சர்க்கரை ஒருநாள் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 1,400 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் பதினேழரை கிராம், நாலு டீஸ்பூன் சொச்சம். காலைப் பாலிலேயே இரண்டு போய்விடுகிறது.

நம் ஆட்களையும் விடுவதற்கில்லை. நாட்டுச் சர்க்கரை கலந்தால் ஆரோக்கியம் என்கிறார்களே, அதுவும் இதே கணக்கில்தான் வரும்.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். காய்ச்சிய பால் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உறை. மறுநாள் ராத்திரி அந்தத் தயிரை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, கீழே கிண்ணம் வைத்து ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிடுவோம். காலையில் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர். அது சப்பாத்தி மாவுக்கு. துணியில் கத்தியால் வழிக்கிற பதத்தில் கெட்டித் தயிர். சேலத்து மாம்பழம் ஒன்றைக் கையாலேயே பிசைந்து அதில் கலந்து, சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, நடுவே ஸ்பூனைக் குத்தி ஃப்ரீசரில் வைத்தால் சாயங்காலம் குச்சி ஐஸ். டம்ளரைக் குழாயடியில் காட்டினால் ‘பொளக்’கென்று கழன்று வரும். அந்தச் சத்தத்துக்கே பிள்ளைகள் ஓடிவருவார்கள். மாம்பழம் ஓய்ந்த மாதங்களில் பூவன் பழம். குச்சிக்கிழங்கு விளைகிற ஊரில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. வெறும் மாவுச்சத்தான அதை வேகவைத்துத் தயிரில் போட்டு, கடுகு தாளித்து, மாதுளை தூவினால்தான் அதற்கே ஒரு மரியாதை.

சுத்தம் பற்றி அவர் சொன்னதில் கால்பங்கு நியாயம் உண்டு. காய்ச்சாத பால் ஆபத்து. பூசணம் கட்டிய தயிரை வழித்துவிட்டுக் கொடுப்பதும் தப்பு. அதற்கு மருந்து பாலைப் பொங்கக் காய்ச்சுவது, கெட்டதைக் கொட்டுவது. கப்பு வாங்குவதல்ல.

ஐயா, அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கப்போடு வாருங்கள். நாங்கள் டம்ளரோடு வருகிறோம். எங்கள் சேர்மானம் பால், உறைமோர், மாம்பழம். மூன்று சொல்லில் முடிந்துவிடும். பிறகு மைக்கை உங்களிடம் தருகிறோம். பின்பக்கத்தைப் பிள்ளைகள் முன்னால் நீங்களே சத்தமாகப் படிக்க வேண்டும்.