நலம் நாடும் பக்கம்: உட்காரவொட்டாத வலி

தலைநகரில் வாழும் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் நம் முன் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வாறே செய்கிறோம். கணக்குப் பிரிவில் உத்தியோகம். பகல் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்ய வேண்டிய வேலை. மூன்று ஆண்டுகளாக, அரை மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் மறைவிடத்தில் நெருப்பு வைத்தாற்போல் எரிச்சல் கிளம்புகிறது. எழுந்து நின்றால் தணிகிறது, படுத்தால் அடங்குகிறது. மூலம் என்று ஒருவரும், சிறுநீர்த் தொற்று என்று ஒருவரும், கருப்பைக் கோளாறு என்று மற்றொருவரும் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டனர். இப்பொழுது ஒரு டாக்டர், நரம்பு நெருக்குண்டிருக்கிறது என்றும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றும் கூறுகிறார். கணவர் தயங்குகிறார். மாமியாரோ, ஊருக்கு வந்து எண்ணெய் வைத்தியம் பார்த்துக்கொள் என்கிறார். "நான் யார் சொல்லைக் கேட்பது?" என்ற வினாவுடன் கடிதம் முடிகிறது.

சகோதரியின் வினா அவருக்கு மட்டும் உரியதன்று. இவ்வலி ஆண்களுக்கும் வருவதுண்டு. வெளியே சொல்ல நாணி மறைத்து வைத்திருக்கும் அன்பர்கள் நம்மிடையேயும் இருக்கக்கூடும். ஆதலின் சற்று விரிவாகவே விடை கூறுகிறோம்.

இடுப்பின் பின்புறமுள்ள முக்கோண எலும்பிலிருந்து வெளிப்படும் இரண்டாம், மூன்றாம், நான்காம் நரம்பு வேர்கள் கூடிப் புடெண்டல் நரம்பு உருவாகிறது. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. இலத்தீன் மொழியில் நாணத்தக்கது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பெயரிலேயே நாணம் குடிகொண்டிருக்க, நோயாளியை மட்டும் நாம் எவ்வாறு குறைகூறுவது? இந்நரம்பு கெட்டியான இரண்டு இணைப்பு நார்களின் இடையே நுழைந்து, பின்னர் ஒரு குறுகிய குழாய் வழியே செல்கிறது. அக்குழாயை 1836-ஆம் ஆண்டில் விவரித்த அயர்லாந்து அறிஞர் பெஞ்சமின் ஆல்காக் பெயரால் அது ஆல்காக் கால்வாய் என்று வழங்குகிறது. இவ்வழியில் நரம்பு எங்கேனும் நசுங்கினாலோ இழுபட்டாலோ, ஆசனவாய் தொடங்கிப் பிறப்புறுப்பு வரையுள்ள பகுதியில் எரிச்சலும் குத்தலும் தோன்றும். கடினமான பிரசவம், நெடுந்தூரச் சைக்கிள் சவாரி, கீழே விழுதல், மலச்சிக்கலால் ஓயாமல் முக்குதல், அப்பகுதியில் முன்பு நடந்த அறுவை ஆகியன இதற்குக் காரணமாகலாம்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், நோய் இதுதானா என்று தெளிதல் வேண்டும். பிரான்சு நாட்டின் நான்ட் நகர மருத்துவர்கள் வகுத்து, 2008-ஆம் ஆண்டில் வெளியான ஐந்து அடையாளங்கள் இதற்கு உதவுகின்றன. வலி அந்நரம்பு பரவிய இடத்திலேயே இருத்தல், உட்கார்ந்தால் மிகுதல், இரவில் உறக்கத்தைக் கலைக்காதிருத்தல், சோதித்துப் பார்க்கையில் தொடுவுணர்ச்சி குன்றாதிருத்தல், நரம்பினருகே மரத்துப்போகும் ஊசி போட்டவுடன் வலி தணிதல் என்பன அவை. எம்.ஆர்.ஐ. படம் மட்டும் இந்நோயை மெய்ப்பித்துவிடாது. கட்டி முதலிய பிற காரணங்கள் இல்லை என்று உறுதி செய்வதே அதன் முக்கியப் பயன்.

ஓர் எச்சரிக்கை. உட்காருமிடம் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் எதுவும் திடீரெனத் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. இரத்தப்போக்கு, காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, இரவில் எழுப்பும் வலி ஆகியவையும் வேறு நோயைக் காட்டக்கூடும். அவற்றையும் தாமதமின்றிச் சோதித்தறிய வேண்டும்.

இனிச் சிகிச்சை வகைகள். முதற்படி, நரம்பை வருத்துவதை நீக்குதல். நடுவில் வெட்டுள்ள மெத்தையைப் பயன்படுத்தலாம். அரை மணிக்கொரு முறை எழுந்து நிற்கலாம். சைக்கிளை நிறுத்திவிடலாம். நாரும் நீரும் மிகுந்த உணவால் மலச்சிக்கலைத் தவிர்க்கலாம். செலவு குறைந்த இப்படியைப் பலரும் அலட்சியம் செய்துவிடுகின்றனர்.

இரண்டாவது, அடியிடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபி. இந்நோயில் அத்தசைகள் பெரும்பாலும் இறுகியிருக்கும். ஆகவே அவற்றைத் தளர்த்தப் பழக வேண்டும். பிரசவத்துக்குப் பின் சொல்லித் தரப்படும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை இங்கே தாமாகச் செய்தால் வலி கூடவும் கூடும். இத்துறையில் பயின்றவரையே நாட வேண்டும்; பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

மூன்றாவது மருந்து. அமிட்ரிப்டிலின், டியூலோக்செடின், காபாபென்டின், பிரிகாபலின் போன்றவை நரம்பு வலிக்குத் தரப்படுகின்றன. சிலருக்குத் துயர் குறையும்; தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் உலர்தல் முதலிய தொல்லைகளும் உண்டு. காரணம் புலப்படாத நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 306 பெண்களிடம் பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான ஆராய்ச்சியில், காபாபென்டின் வெற்று மாத்திரையைவிட மிகுந்த பயன் தரவில்லை. அந்நோய் வேறு, இந்நோய் வேறு எனினும், பயனற்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்கலாகாது என்பதை இதனால் உணரலாம். ஆனால் எதையும் திடீரென நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

நான்காவது, நரம்பினருகே போடும் ஊசி. நோயைக் கண்டறிய இது மிகவும் பயன்படும். நிலையான குணம் சிலருக்கே கிட்டும். 201 நோயாளிகளிடம் பிரான்சில் நடந்து 2017-இல் வெளியான ஆராய்ச்சி, மரத்துப்போகும் மருந்துடன் ஸ்டீராய்டைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. ஆகவே ஊசிகளை மேலும் மேலும் போட்டுக்கொண்டே போவது அறிவுடைமையாகாது.

ஐந்தாவது, நரம்பை நெருக்கலிலிருந்து விடுவிக்கும் அறுவை. நான்ட் மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 32 பேர் பங்கு கொண்டனர். ஓராண்டுக்குப் பின், அறுவை செய்துகொண்டவர்களில் 71 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். செய்துகொள்ளாதவர்களில் 13 விழுக்காட்டினரே தேறினர். நம்பிக்கை தரும் எண்கள்தாம். எனினும் 32 பேர் என்பது சிறு தொகை. தேறுதல் வேறு, முற்றும் குணமாதல் வேறு. பத்துப் பேரில் மூவருக்குப் பலனில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. நரம்பு மெல்லவே ஆறும். பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டும் பொறுத்திருக்க வேண்டும்.

எண்ணெய் வைத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். வெந்நீரும் எண்ணெயும் இறுகிய தசைக்கு இதம் தரலாம். பெரியவர் அன்புடன் சொன்னதைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் நெருக்குண்ட நரம்பை அது விடுவிக்காது. இன்ன மருந்தென்று தெரியாத பொடிகளை ஆங்கில மருந்துகளோடு சேர்த்து உட்கொள்ளவும் வேண்டாம்.

சகோதரிக்கு நாம் கூறுவது இதுதான். கண்டறியும் ஊசி போடப்பட்டதா, பிசியோதெரபி மூன்று மாதமேனும் முறையாக நடந்ததா என்று தங்கள் கடிதத்தில் காணோம். இரண்டும் நடக்கவில்லையெனில் அறுவைக்கு இன்னும் வேளை வரவில்லை. இரண்டும் நடந்து, ஊசியில் வலி தணிந்து, பின்னர் மீண்டும் வந்ததெனில், அறுவையைப் பற்றி எண்ணுவது அவசரமாகாது. அப்பொழுதும் இந்த அறுவையைப் பலமுறை செய்தவரிடம் மற்றொரு அபிப்பிராயம் கேளுங்கள். எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேர் தேறினர், பலிக்காவிடில் அடுத்த வழி என்ன என்று தயங்காமல் வினவுங்கள். சுற்றம் அருகில் இல்லாத ஊரில், படுத்திருக்கும் வாரங்களில் வீட்டை யார் கவனிப்பது, விடுமுறை கிடைக்குமா என்பவற்றையும் கணவருடன் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வலிக்கும் இடத்தை ஹிந்தியில் சொல்ல நா எழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உடலின் கோட்டுப்படம் ஒன்றில் அவ்விடத்தைக் குறித்துக் கொடுங்கள். எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று இரண்டு வாரம் தமிழிலேயே எழுதி வையுங்கள். மொழி தெரிந்த தோழி ஒருவர் உடன் வந்து அதை எடுத்துச் சொல்லட்டும். பள்ளியில் படிக்கும் மகனை இதற்கு நிறுத்த வேண்டாம். மூன்று மருத்துவர்கள் வேறு நோய் என்று எண்ணியதற்கு, தாங்கள் சொல்லாமல் விட்டதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நாணத்தை ஒரு நாழிகை ஒதுக்கி வைத்தால், பாதி வழி கடந்தாயிற்று என்று கொள்ளுங்கள்.