பணியிடமும் ஒரு பள்ளிக்கூடமே

பட்டம் பெற்று வேலையில் அமர்ந்ததும் கல்வி முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. ஒருவர் தம் தொழிலில் கைதேர்ந்தவராவது பெரும்பாலும் உடன் பணிபுரிவோரிடமிருந்து கற்றுத்தான். அனுபவம் மிக்க ஒருவர் ஓய்வுபெற்றுச் செல்லும்போது, எந்த ஏட்டிலும் எழுதப்படாத எத்தனையோ நுட்பங்கள் அவருடனேயே வெளியேறிவிடுகின்றன. புதிதாக வந்த இளைஞரோ, கேட்டால் ஏளனம் செய்வார்களோ என்று அஞ்சி வாய்மூடி இருக்கிறார். இவ்விரு இழப்புகளையும் தவிர்க்க நம் கைப்பேசியும் இணையமும் துணைசெய்யுமா என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

கைப்பேசிக் காலத்திற்கு முந்திய ஒரு செய்தி இதற்கு வழிகாட்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் எவ்வாறு பணிசெய்கின்றனர் என்பதை, அந்நிறுவன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர் 1980-களில் அமெரிக்காவில் அவர்களுடனேயே சென்று கவனித்தார். இந்தக் குறியீடு தோன்றினால் இன்னதைச் செய்க என்று கட்டளையிடும் கையேடுகள் அவர்களிடம் இருந்தன. ஆனால், இயந்திரங்கள் கையேட்டைப் படித்துவிட்டுப் பழுதாவதில்லையே! குறியீடு ஒன்றைக் காட்ட, குறை வேறோரிடத்தில் இருக்கும். அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தவை, உணவு வேளைகளில் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அனுபவக் கதைகளே. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வீண் அரட்டையாகத் தோன்றிய அப்பேச்சே அவர்களின் உண்மையான பள்ளிக்கூடமாக இருந்தது. இதனை விளக்கும் அவரது நூல் 1996-இல் வெளிவந்தது.

அந்தப் பேச்சை எல்லாருக்கும் எட்டச் செய்ய, 1990-களில் ‘யுரேக்கா’ என்னும் ஏற்பாட்டை ஜெராக்ஸ் உருவாக்கியது. அது முதலில் பிரான்சு நாட்டுத் தொழிலாளரிடையே பரவியது. புதிய தீர்வைக் கண்டவர் அதனைச் சுருக்கமாக எழுதி அனுப்புவார். அனுபவமுள்ள சக தொழிலாளர் சரிபார்ப்பர். அதன் பின்னரே அது பொதுத் தொகுப்பில் சேரும். குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு எழுந்தபோது தொழிலாளர்கள் அதனை விரும்பவில்லை. பணம் வந்தால் எண்ணிக்கை பெருகும், தரம் குறையும் என்பது அவர்கள் கருத்து. குறிப்புடன் எழுதியவரின் பெயர் இருந்தால் போதும் என்றனர். தாம் கற்றதைப் பிறருக்கு வழங்குபவர் எதிர்பார்ப்பது மதிப்பையே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

அன்று ஒரு பெரிய நிறுவனம் முயன்று செய்ததை, இன்று நான்கு பேர் பணிபுரியும் ஒரு பட்டறைகூடச் செலவின்றிச் செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப் குழு ஒன்று போதும். யூடியூபில் செய்முறை விளக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. 2017-இல் இந்திய அரசு தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் பாடங்களை இலவசமாகப் பயிலலாம். கருவிகளுக்குப் பஞ்சமில்லை, ஒழுங்குக்குத்தான் பஞ்சம். வணக்க வாசகங்களும் வேடிக்கைப் படங்களும் நிறைந்த குழுவில், நேற்றுக் கிடைத்த அருமையான விடை இன்று தேடினாலும் அகப்படுவதில்லை.

ஆகவே, சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவதாக, கேட்பவர் தெளிவாகக் கேட்க வேண்டும். “மெஷின் ஓடவில்லை, என்ன செய்வது?” என்பது கேள்வியாகாது. எந்த இயந்திரம், என்ன நேர்ந்தது, தாம் எவற்றைச் செய்து பார்த்தார் என்பவற்றைப் படத்துடன் கூற வேண்டும். குறை தீர்ந்ததும், எவ்வாறு தீர்ந்தது என்பதை அதே குழுவில் எழுதுவது அவர் கடமை. இரண்டாவதாக, பயனுள்ள விடைகளை வாரந்தோறும் ஒருவர் தனிக் கோப்பில் தொகுக்க வேண்டும். மூன்றாவதாக, துறை அறிந்த ஒருவர் சரிபார்க்காத எதையும் செயல்படுத்தலாகாது. மின்சாரம், மருந்து போன்றவற்றில் தவறான ஒரு குறிப்பு உயிரையே பறித்துவிடும். பலர் விரும்பிய காணொளி என்பதனாலேயே அது சரியானதாகிவிடாது.

நான்காவது நெறி, அமானிதம் பேணுதல். வாடிக்கையாளரின் பெயரும் கணக்கும், நோயாளியின் விவரமும், நிறுவனத்தின் இரகசியமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. அவற்றைப் பொதுவெளியில் இட்டுவிட்டு, “கற்பதற்காகத்தானே கேட்டேன்” என்று கூறுவது பொருந்தாது. 2023-இல் சாம்சங் நிறுவன ஊழியர் சிலர் நிறுவனத்தின் இரகசிய நிரல்களைச் செயற்கை நுண்ணறிவுத் தளமொன்றில் இட்டதாகச் செய்தி வெளியானதும், அத்தகைய கருவிகளின் பயன்பாட்டுக்கு அந்நிறுவனம் தடைவிதித்தது.

பணி முதல்வர்களுக்கும் ஒரு சொல். அறியாததைக் கேட்டவரைப் பலர் பார்க்கக் கடிந்துகொண்டால், அன்றுடன் அக்குழுவில் கேள்விகள் நின்றுவிடும், தவறுகள் மறைக்கப்படும். இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்பி விடை எதிர்பார்ப்பதும் கல்வியாகாது. அது குடும்பத்திற்குரிய நேரத்தைப் பறிப்பதாகும்.

அனுபவம் வாய்ந்த பெரியோரே, நீங்கள் அறிந்த ஒரு நுட்பத்தையேனும் இவ்வாரம் எழுதியோ குரலில் பதிந்தோ இளையோருக்கு அளியுங்கள். இளைஞர்களே, கேட்க நாணாதீர்கள். சொல்லித் தந்தவரின் பெயரைச் சொல்ல மறவாதீர்கள். வழங்குவதால் செல்வம் குறையக்கூடும். கல்வி ஒருபோதும் குறைவதில்லை.