மணத்தால் அறியும் உறவு

எலிக்கும் சத்திரசிகிச்சையா என்று நகைப்போர் நம்மிடையே பலர் இருப்பர். அரிசிப் பானையைக் காக்கப் பொறி வைத்துப் பழகியவர்களுக்கு அந்நகைப்பு இயல்பே. ஆயினும், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியிலே அருமையாக வளர்க்கும் ஜேர்பில் என்னும் சிற்றெலிக்குக் கட்டி ஒன்று தோன்றினால், மிருக வைத்தியர் அதனை மயக்கிக் கீறிக் கட்டியை அகற்றித் தைத்துவிடுகிறார். பெரும்பாலும் நூறு கிராம் நிறைகூட இல்லாத உயிர் அது. சிகிச்சையிலே பிழைத்துக்கொள்ளும் அவ்வுயிருக்கு வீடு திரும்பிய பின்னரே பெரும் ஆபத்து நேர்வதுண்டு. நேற்றுவரை ஒரே கூட்டில் ஒட்டி உறங்கிய உடன்பிறப்பே அதனைக் கடித்துக் கொன்றுவிடுதல் கூடும். பிள்ளைகளின் கண்முன்னே இது நிகழ்ந்தால் அவ்வீட்டின் நிலை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இக்கொடுமைக்குக் காரணம் பகையன்று, மறதியுமன்று. அதனை அறிய, முதலில் அவ்வெலியின் பிறந்தகத்தை அறிதல் வேண்டும்.

ஜேர்பில்களுள் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது மொங்கோலிய இனம். மொங்கோலியாவிலும் வட சீனாவிலும் உள்ள வறண்ட புல்வெளிகளே அதன் தாயகம். பிரெஞ்சுப் பாதிரியார் ஆர்மண்ட் டேவிட் 1866இல் பாரிசுக்கு அனுப்பிய உடல்களைக் கொண்டு, மில்ன் எட்வேர்ட்ஸ் என்னும் விலங்கியலார் 1867இல் இதனை விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். 1935இல் ஆமூர் நதிப் பக்கத்தில் பிடிக்கப்பட்ட சில சோடிகள் யப்பானிய ஆய்வுகூடத்திற் பெருகின. அவற்றின் வழிவந்த 11 சோடிகள் 1954இல் அமெரிக்காவைச் சேர்ந்தன. அங்கிருந்து 1964இல் இங்கிலாந்துக்கும் சென்றன. ஆய்வுகூடத்திலிருந்து குழந்தைகளின் அறைக்குப் போய்ச்சேர அதிக காலம் செல்லவில்லை. நம் நாட்டு வறண்ட பகுதிகளில் வளை தோண்டி வாழும் வெள்ளெலியும் இவ்வினத்துக்கு உறவே என்பது மாணவர் பலர் அறியாத செய்தி.

மொங்கோலிய ஜேர்பில் தனித்து வாழ்வதன்று. தாய், தந்தை, பிள்ளைகள் என ஒரு குடும்பமாக ஒரே வளையில் வாழ்ந்து, தமக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். அவ்வெல்லைக்குள் வந்த அயல் எலி துரத்தப்படும். ஓட வழியில்லையேல் உயிர் இழக்கும். புல்வெளியில் ஓட இடமுண்டு. கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடுவது?

தன்னவர் யார், அயலவர் யார் என்பதை இவை முகம் பார்த்து அறிவதில்லை. வயிற்றின் நடுவே மயிரற்ற நீள்வட்டமாக ஒரு சுரப்பி உண்டு. ஆணுக்கு அது பெரிது. அதனைக் கல்லிலும் மண்ணிலும் தேய்த்துத் தன் மணத்தைப் பதித்துச் செல்லும். ஆண் விதைகளை அகற்றினால் இப்பழக்கம் குறைவதையும், ஆண் ஓமோனைக் கொடுத்தால் மீள்வதையும் தீசன் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 1968இல் எடுத்துக்காட்டினர். கண்ணின் பின்னேயும் ஒரு சுரப்பி உண்டு. அதன் கசிவு மூக்கின் வழியே வந்து, முகம் துடைக்கும்போது உமிழ்நீரோடு கலந்து மயிரிற் பரவும். ஒன்றையொன்று நக்கித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்து உறங்குவதனால் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுமணம் ஏறிவிடுகிறது. நமக்கு அடையாள அட்டை எவ்வாறோ, இவற்றுக்கு இக்குடும்ப மணம் அவ்வாறு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நம் அட்டை பல ஆண்டு செல்லும், இது நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது.

இனிச் சத்திரசிகிச்சை செய்வதை நோக்குவோம். மயிர் மழிக்கப்படுகிறது, கிருமிநாசினியாற் கழுவப்படுகிறது, மயக்க வாயு, அயற்றுணி, அடுத்த கூட்டிலுள்ள நாயின் வாடை, பூனையின் வாடை எல்லாம் உடலிற் படிகின்றன. முதிய ஆண் ஜேர்பில்களுக்குப் பெரும்பாலும் கட்டி தோன்றும் இடங்களுள் ஒன்று, மேலே கூறிய வயிற்றுச் சுரப்பியே. அதனை வெட்டி அகற்றும்போது அடையாளத்தின் ஊற்றில் ஒன்றே போய்விடுகிறது. வீட்டில் விடப்பட்ட துணையும் சும்மா இருப்பதில்லை. அது தொட்டி முழுவதையும் தன் மணம் ஒன்றாலேயே நிரப்பிவிடும். ஆகவே திரும்பி வருவது உடன்பிறப்பன்று. பிறர் நிலத்துள் புகுந்த, பிறர் மணம் வீசும் ஓர் அயலான்.

இங்கேதான் பெற்றோர் இடர்ப்படுகின்றனர். நோயாளிக்குத் தனியறையும் ஓய்வும் வேண்டும் என்பது மனிதருக்கு நாம் வகுத்த முறை. துணை எலி தையலைக் கடித்துவிடுமோ என்னும் அச்சமும் நியாயமானதே. ஆனால் பிரிந்திருக்கும் ஒவ்வொரு நாளும் மீளச் சேர்வதற்கான வாய்ப்பைக் குறைக்கிறது. ஒரே நாட் பிரிவால் உறவு முறிந்தனவும் உண்டு. பல நாள் கழித்தும் ஏற்றுக்கொண்டனவும் உண்டு. இரண்டையும் எடைபோடுமிடத்து, பிரியாதிருத்தலே சிறந்ததென்பது எமது துணிபு. தையலைத் தோலுக்கடியில் மறைவாக இட வைத்தியருக்கு இயலும். மறைந்த மணத்தை மீட்டுத் தர அவருக்கு இயலாது.

எனவே ஏற்பாடு யாவும் கத்தி படுமுன்னரே தொடங்க வேண்டும். நோயுற்றதோடு துணையையும் ஒரே பெட்டியில் கொண்டு செல்லலாமா என்று நாள் குறிக்கும்போதே வைத்தியரைக் கேட்டல் நன்று. பெட்டியில் புதுக் காகிதத்தோடு பழைய கூட்டின் படுக்கையிலும் ஒரு பிடி இடவேண்டும். மனிதரைப்போல் முதல்நாள் இரவு பட்டினி போடுதல் ஆகாது. எலியினத்துக்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இல்லையாதலால் பட்டினியால் தீமையே உண்டு. மயக்கம் முற்றாகத் தெளிந்து, உடல் சூடேறி, தடுமாறாது நடக்கத் தொடங்கிய பின்பே துணையோடு விடுதல் தகும். வீட்டிலே மணற்குளியலையும் சுழற்சக்கரத்தையும் சில நாள் அகற்றி, மரத்தூளுக்குப் பதிலாகக் கிழித்த வெண்காகிதம் பரப்பினால் காயம் துப்புரவாயிருக்கும்.

சில வேளைகளிற் பிரிவு தவிர்க்க முடியாதது. துணையே தையலைக் கடிக்கத் தொடங்கலாம். பெண்ணோடு வாழும் ஆணுக்கு விதை அகற்றப்பட்டால், அதன் பின்னும் சில வாரம் கருத்தரிப்பிக்கும் ஆற்றல் எஞ்சியிருக்கும். அப்போது கைகொடுப்பது தடுப்புத் தொட்டி. ஒரே தொட்டியின் நடுவே, மூக்கு நுழையாத நுண்கண் கம்பிவலையை இடைவெளியின்றிப் பொருத்தி, இருபுறமும் ஒவ்வொன்றை விடுவர். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையாவது இரண்டையும் இடம் மாற்றுவர். படுக்கையை மாற்றுவதில்லை, எலியையே மாற்றுவர். மற்றதன் மணத்தின்மேல் உறங்கி, அதனைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லும். இரண்டின் மேலும் வாசனைத் தைலம் பூசினாற் போதும் என்பாரும் உளர். தைலம் மணத்தை மூடுமேயன்றி உறவை உண்டாக்காது.

வலையைக் கடித்துச் சீறுவது நின்று, வலையோரத்தில் அருகருகே உறங்கத் தொடங்கினால் காலம் கனிந்ததென்க. விடுமுறை நாளொன்றின் காலையில், இரண்டுக்கும் புதிதான சிறியதோர் இடத்தில், கூடும் குழியும் இன்றிச் சேர்த்து விடவேண்டும். மோப்பம் பிடித்தலும், நக்கித் துடைத்தலும், ஒன்று மற்றதன் வாயடியில் தலையை நுழைத்தலும் நற்குறிகள். எழுந்து நின்று சிறிது குத்துச்சண்டை போடுதலும் பெருந்தவறன்று. மயிர் சிலிர்த்து, பக்கவாட்டில் நகர்ந்து, வால் துடிக்க அணுகினால் உடனே பிரித்துவிடல் வேண்டும். பந்துபோற் சுருண்டு கட்டிப் புரளத் தொடங்கிவிட்டால் அது கொலைச் சண்டை; தடித்த கையுறையின்றிக் கை வைப்பவரின் விரலும் தப்பாது. அவசரத்தில் வாலைப் பிடித்துத் தூக்கலாகாது. வாலின் தோல் உரிந்து கையோடு வந்துவிடும்.

முதல் முயற்சி தோற்றால் மீண்டும் வலையிட்டு, முன்னிலும் நீண்ட நாள் காத்திருப்பர். வளர்ந்த பெண் எலிகள் இவ்வகையில் மிகக் கடினமானவை என்பது வளர்ப்போர் பலரின் அனுபவம். பல முறை தோற்ற பின்னரும் வற்புறுத்துதல் கொடுமை. இளைய எலியாயின், வேறொரு குட்டியை அதே வலைமுறையாற் பழக்கித் துணையாக்கலாம். மூன்று நான்கு ஆண்டே வாழும் இவ்வினத்தில் மூன்றாம் ஆண்டைக் கடந்த முதிய எலிக்குப் புதுத் துணையும் புதுச் சண்டையும் எதற்கு? வலையை எடுக்காமலே விட்டுவிடும் வீடுகள் உண்டு. அங்கே இரவானதும் இரண்டும் வலையின் இருபுறமும் காகிதத்தைக் குவித்து, ஒன்றன் முதுகு மற்றதன் முதுகை நோக்கக் கம்பியோடு சாய்ந்து உறங்கும்.