'கிரே ஏரியா' என்றால் 'பண்ணிக்கோ' என்று அர்த்தமா?

ஐ.டி கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், மாலை நேரத்தில் ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கலாமா என்று ஹெச்.ஆரிடம் கேட்டிருக்கிறான். 'இட்ஸ் எ கிரே ஏரியா' என்று பதில் வந்தது.

'வேண்டாம்னு சொல்லலையே!' என்று ஆரம்பித்துவிட்டான். மூன்றே மாதத்தில் விளக்கம் கேட்டு மெயில் வந்தது.

எங்கே சறுக்கினான்?

சரி, தப்பு இரண்டும் தெளிவாகப் பிரிந்து கிடக்கும் விஷயத்தை ஆங்கிலத்தில் 'பிளாக் அண்ட் ஒயிட்' என்பார்கள். அந்தக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கிடப்பதுதான் கிரே ஏரியா. விதி எந்தப் பக்கம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாத இடம். தடை இல்லை, சரி. ஆனால் அனுமதியும் இல்லையே! நம்மூர் பாஷையில் இரண்டுங்கெட்டான் நிலை.

நண்பனின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவரை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-வது பிரிவு சொன்னது. சரி, பகலில் லேப்டாப், மாலையில் ட்யூஷன் என்றால்? அந்தப் பிரிவில் அதற்குப் பதில் கிடையாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் என்ன போட்டிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். இவன் அதைப் படிக்கவே இல்லை. (நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?)

இதோடு பலரும் குழப்பிக்கொள்வது 'அப் இன் தி ஏர்'. விதியெல்லாம் தெளிவாக இருக்கும், முடிவு மட்டும் வந்திருக்காது. 'அவர் ஊட்டி ட்ரிப் இஸ் ஸ்டில் அப் இன் தி ஏர்' என்றால் போவதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. காத்திருந்தால் தெரிந்துவிடும். கிரே ஏரியாவில் காத்திருந்து பிரயோஜனம் இல்லை, கேட்டுத்தான் தெளிய வேண்டும்.

ஒரு ஸ்பெல்லிங் சமாச்சாரம். 'கிரே' என்பதை பிரிட்டிஷ்காரர்கள் ஜி-ஆர்-இ-ஒய் என்றும், அமெரிக்கர்கள் ஜி-ஆர்-ஏ-ஒய் என்றும் எழுதுவார்கள். இரண்டுமே சரி.

அடுத்த முறை மேலதிகாரி 'கிரே ஏரியா' என்று சொன்னால், 'குட் ஐ ஹேவ் எ கிளியர் ஆன்சர் இன் ரைட்டிங், ப்ளீஸ்?' என்று பணிவாகக் கேளுங்கள். பதில் மெயிலில் வரட்டும்.

நண்பன் விளக்கம் எழுதி அனுப்பிவிட்டான். ட்யூஷனையும் நிறுத்தியாயிற்று. வேலை என்னடா ஆகும் என்று நேற்று கேட்டேன்.

'ஸ்டில் அப் இன் தி ஏர்டா' என்றான்.