இசையமைப்பாளர் என்ற சொல் யாருக்கு உரியது?

சென்ற வாரக் கருத்தரங்கொன்றில் ஜான் கேஜின் பரிசோதனை இசையைப் பற்றி ஒருவர் நெடுநேரம் உரையாற்றினார். ஆந்தனி ப்ராக்ஸ்டனை ஏன் குறிப்பிடவில்லை என்று கேட்டேன். "அவர் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர், உள்ளுணர்வில் வாசிப்பவர். அது வேறு" என்றார். அவையும் தலையசைத்தது. இந்த 'வேறு' என்பதைத்தான் மறுக்கிறேன்.

ப்ராக்ஸ்டன் 1945இல் சிகாகோவில் பிறந்தவர். அந்நகரின் கறுப்பினக் கலைஞர்கள் 1965இல் நிறுவிய ஏ.ஏ.சி.எம். அமைப்பில் உருவானவர். 1969இல் அவர் பதிவுசெய்த 'ஃபார் ஆல்டோ', பக்கவாத்தியம் எதுவுமின்றித் தனி சாக்ஸபோன் மட்டுமே ஒலிக்கும் இரட்டை இசைத்தட்டு. அதில் ஒரு படைப்பைக் கேஜுக்குக் காணிக்கையாக்கி, தலைப்பிலேயே அவரை 'இசையமைப்பாளர்' என்கிறார். அந்த மரியாதையைத்தான் நம் அவை அவருக்குத் திருப்பித்தர மறுத்தது.

உள்ளுணர்வாம்! தம் தனி வாசிப்புக்கென ஒலிகளைப் பன்னிரண்டு 'மொழி வகை'களாகப் பகுத்தவர் அவர். நீண்ட ஒலி ஒரு வகை. இரு சுரங்கள் விரைந்து மாறிமாறி அதிர்வது மற்றொன்று. ஒரே ஊதலில் பல சுரங்கள் எழுவது இன்னொன்று. ஒரு வகையைத் தேர்ந்து, அதன் எல்லைக்குள் நின்றே கற்பனையை விரிப்பது முறை. அலகுகளும் அவற்றை ஆளும் கட்டுப்பாடுகளும் இருக்கும் ஒன்றை மொழியியல் படித்த நாம் என்னவென்று அழைப்போம்? எழுத்தில்லாத மொழிகளை 'இலக்கணமற்ற பேச்சு' என்று ஒதுக்கிய பழைய பிழையை முதலாண்டு வகுப்பிலேயே எள்ளி நகையாடியவர்கள் அல்லவா நாம்?

மின்னணு இசையிலும் இதே கதைதான். எழுபதுகளிலேயே ரிச்சர்ட் டைடல்பாமின் சின்தசைசருடன் இணைந்து பதிவுசெய்தார். பின்னாளில் 'டயமண்ட் கர்ட்டன் வால்' இசைக்காக, சூப்பர்கொலைடர் என்னும் நிரல்மொழியின் வழியே கணினியையும் குழுவில் ஒருவராக்கினார். இடையில் நான்கு ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கென ஒரு பெரும்படைப்பும் எழுதினார். இவ்வளவுக்குப் பிறகும் 'வாசிப்பவர்' மட்டும்தானா?

1994இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்ததே, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தாரே என்பீர்கள். உண்மை. விருது கொடுத்த பின்னும் வகைப்பாட்டை மாற்றாமல் இருக்க முடியும் என்பதற்கு நம் பாடத்திட்டமே சான்று. அதில் 'பரிசோதனை இசை' என்னும் அலகில் ஒரு கறுப்பினப் பெயர்கூட இல்லை. 'ஜாஸ்' என்னும் அலகில் எல்லோரும் இருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினையின் நிற அரசியலை, அதே அமைப்பைச் சேர்ந்த ஜார்ஜ் லூயிஸ் 1996ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே விரிவாக எழுதிவிட்டார். அதை வாசிப்புப் பட்டியலில் சேர்க்கக் கோரித் துறைக்கு விண்ணப்பம் அளித்திருக்கிறேன். உடன்படும் ஆய்வாளர்கள் இவ்வாரத்திற்குள் கையொப்பமிடலாம்.