சீட்டுப் பணத்தில் ஒரு கேமரா: மிரர்லெஸ்ஸா, பாக்கெட் கேமராவா?

போனஸோ, சீட்டு எடுத்த பணமோ கைக்கு வந்ததும் 'இந்த முறையாவது ஒரு நல்ல கேமரா வாங்கிடணும்' என்று நினைக்கிற வீடுகள் நிறைய. கடைக்குப் போனால் இரண்டு வகையை எடுத்து மேசையில் வைப்பார்கள். ஒன்று, லென்ஸைக் கழற்றி மாற்றும் மிரர்லெஸ் கேமரா. இன்னொன்று, சட்டைப் பையிலோ ஹேண்ட்பேக்கிலோ அடங்கிவிடும் பாக்கெட் கேமரா. பெரியதாக இருப்பதுதான் நல்லது என்று மனசு உடனே சொல்லும். எல்லா நேரமும் அது சரியாக இருக்காது.

ஏன் என்று இந்த வாரம் பார்ப்போம். உதாரணங்களைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். என் சொந்தபந்தம் பாதிப்பேர் அங்கேதான். தேர், ஏரி, வயல், பழைய கோயில், காதுகுத்து என்று கேமராவுக்குத் தேவையான எல்லாச் சோதனையும் அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டும் என்ன?

பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். அதை எடுத்துவிட்டு உடம்பைச் சின்னதாக்கியதுதான் மிரர்லெஸ். 2008-ல் பானசோனிக் ஜி1 இந்தப் பாதையைத் திறந்துவைத்தது. இன்று ஆரம்ப நிலையில் கேனான் ஆர்100, நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 போன்றவை இருக்கின்றன. கேனான் ஆர்100-ஐ பேட்டரி, 18-45 கிட் லென்ஸோடு தூக்கினால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

பாக்கெட் கேமரா நமக்குப் பழைய நண்பன். 2010-ல் மட்டும் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் கம்பெனிகளிலிருந்து கடைகளுக்குப் போயின. அவற்றில் மிகப் பெரும்பகுதி இந்தச் சின்ன ரகம்தான். அப்புறம் ஸ்மார்ட்போன் வந்து அந்தச் சந்தையைக் காலி செய்தது. இப்போது ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகளால் மறுபடியும் மவுசு வந்திருக்கிறது.

பாக்கெட் கேமராவிலும் இரண்டு சாதி உண்டு. கேனான் இக்ஸஸ் 285 மாதிரி கேமராக்கள் சுமார் 150 கிராம். உள்ளே இருக்கும் சென்சார் மிகச் சின்னது. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3, சோனி ஆர்எக்ஸ்100 வரிசை மாதிரியானவை சுமார் 300 கிராம். இவற்றில் இருப்பது '1 இன்ச்' சென்சார். இந்த இரண்டாவது ரகத்தின் விலை, ஆரம்ப நிலை மிரர்லெஸ்ஸைவிட அதிகமாகவே இருக்கும். 'சின்ன கேமராவுக்கு ஏன் இவ்வளவு விலை?' என்று கடையில் சண்டை போடாதீர்கள். காரணம் கீழே இருக்கிறது.

வெளிச்சக் கணக்கு

கேமரா என்பது மழைத்தண்ணீர் பிடிக்கும் பாத்திரம் மாதிரி. வாய் அகலமாக இருந்தால் நிறையப் பிடிக்கும். இக்ஸஸ் ரகத்தின் சென்சார் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 1 இன்ச் ரகத்துக்கு 116. ஆர்100-க்கு 330-க்கு மேல். இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லித்தான் மிரர்லெஸ்ஸை விற்பார்கள்.

ஆனால், தண்ணீர் முதலில் ஒரு குழாய் வழியாக வரவேண்டும். அந்தக் குழாய்தான் லென்ஸ். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் 'எஃப்' எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிது. ஆர்100-உடன் வரும் கிட் லென்ஸின் எண் 4.5-ல் ஆரம்பித்து, ஜூம் செய்தால் 6.3 ஆகிவிடும். ஜி7 எக்ஸ் மார்க் 3-ல் பதித்த லென்ஸ் 1.8-ல் ஆரம்பித்து 2.8-ல் நின்றுவிடும். சென்சாரையும் திறப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பாக்கெட்டில் இருக்கும் கேமராதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம் பிடிக்கிறது!

அதாவது, கிட் லென்ஸோடு மட்டும் மிரர்லெஸ் வாங்கி, வேறு லென்ஸே வாங்காமல் விட்டால், இருட்டில் அந்தச் சின்ன கேமராவிடம் தோற்றுப்போவீர்கள்.

அதே ஆர்100-ல் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸை மாட்டுங்கள். கதை தலைகீழ். ஜூம் செய்த கிட் லென்ஸைவிட 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். முகம் பளிச்சென்றும் பின்னணி மங்கலாகவும் விழும். பாக்கெட் கேமரா கிட்டேயே வரமுடியாது. ஆகவே, மிரர்லெஸ் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இரண்டாவது லென்ஸைத்தான். அதற்குப் பணமும் மனசும் இருந்தால் மட்டும் முதல் பெட்டியைத் திறங்கள்.

ஊருக்குள் வைத்துப் பார்ப்போம்

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர். ஆளுநர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். காலை வெயில், தூசி, தள்ளுமுள்ளு. இந்தக் கூட்டத்தில் நின்று லென்ஸ் மாற்றினால் தூசி நேராகச் சென்சாரில் போய் உட்காரும். ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பவருக்குப் பாக்கெட் கேமராதான். ஆனால் அதில் ஒரு குறை. ஜி7 எக்ஸ்-ல் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லை. உச்சி வெயிலில் திரை சரியாகத் தெரியாது. ஆர்100-ல் அது இருக்கிறது.

பாகூர் மூலநாதர் கோயில். சோழர் காலக் கட்டுமானம். சுவரில் கையகல நடனச் சிற்பங்கள். கல் ஓடிவிடப் போவதில்லை. நிதானமாக நின்று எடுக்கலாம். இங்கே இரண்டுமே நன்றாக வேலை செய்யும். காலை, மாலைச் சாய்வெயிலில் போவது, எந்த கேமரா என்பதைவிட முக்கியம்.

ஊசுட்டேரி. புதுச்சேரியின் மிகப்பெரிய ஏரி. அதன் புதுச்சேரிப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. பனிக்காலத்தில் வலசை வரும் வாத்துகளை எடுக்க ஆசைப்பட்டால், மேலே சொன்ன இரண்டும் ஏமாற்றும். பாக்கெட் கேமராவில் பறவை புள்ளியாகத் தெரியும். கிட் லென்ஸில் இன்னும் சின்னப் புள்ளி. 55-210 லென்ஸ் வாங்கினால் கொஞ்சம் பரவாயில்லை. பறவைதான் முக்கியம் என்றால் நிக்கான் பி950 மாதிரி பெரிய ஜூம் கேமராவைப் பாருங்கள். எடை ஒரு கிலோ இருக்கும், சொல்லிவிட்டேன்.

காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு. காசு வாங்கிக்கொண்டு எடுப்பதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மிரர்லெஸ்தான். மேலே தனி ஃப்ளாஷ் மாட்டலாம். ஜி7 எக்ஸ்-ல் அது முடியாது. 50 எம்எம் லென்ஸ், ஃப்ளாஷ், இரண்டாவது பேட்டரி மூன்றையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா கேட்ட கேள்வி

பாகூர் பக்கம் இருக்கும் என் பெரியப்பா மகள் போன மாதம் போன் செய்தாள். "தம்பி, சீட்டுப் பணம் 75,000 வந்திருக்கு. பையன் பெரிய கேமராதான் வேணும்ங்கறான். நீ என்ன சொல்ற?"

"நீ எதை எடுக்கப் போற அக்கா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னாள். "ஆயாவை எடுக்கணும்டா."

எங்கள் தாத்தா இறந்த அன்று மாலை போட ஒரு படம் தேடினோம். கல்யாண ஆல்பங்களில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாதி முகம் இருந்தது. கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைத்தான் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். அதில் இருப்பவர் எங்கள் தாத்தா மாதிரியே இல்லை. களத்தில் நெல் தூற்றிய மனுஷன், சிரித்தால் ஊருக்கே கேட்கும். அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் கிடையாது.

ஆயா இப்போதும் திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறார். கேமராவைப் பார்த்தால் உடனே முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைப்பாகிவிடுவார். பெரிய கேமராவை பீரோவிலிருந்து எடுத்து, பை திறந்து, லென்ஸ் மாட்டுவதற்குள் அந்த ஆயா போய், போட்டோவுக்கு உட்கார்ந்த ஆயா வந்துவிடுவார்.

"உனக்கு அடுப்படி அலமாரியில கிடக்குற கேமராதான் அக்கா வேணும்" என்றேன். 1 இன்ச் ரகத்தைச் சொன்னேன். விளக்கு வெளிச்சத்திலும் திண்ணை நிழலிலும் அது கைகொடுக்கும். பையன் படம் எடுத்துச் சம்பாதிக்கப் போவதாகச் சொன்னான். "முதல்ல ஒரு மிரர்லெஸ்ஸை வாடகைக்கு எடுத்து ரெண்டு விசேஷம் எடுக்கட்டும். அப்பவும் ஆசை குறையலன்னா அடுத்த சீட்டு அவனுக்கு" என்று பேசி முடித்தோம். அவனுக்குக் கோபம்தான். அக்காவின் கேமராவில் ஆயா இப்போது வாய்விட்டுச் சிரிக்கிறார்.

போன் போதாதா?

பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் இருப்பதை எடுக்கப் போதும். அதனால்தான் மலிவான இக்ஸஸ் ரகத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. நடுத்தர விலை போன்கள் பலவற்றின் சென்சாரே அதைவிடப் பெரியது. ஜூம் மட்டும்தான் அதன் பலம். போன் கொடுக்க விரும்பாத பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டுமானால் வாங்கலாம்.

வாங்கிய பிறகு

எதை வாங்கினாலும் நம் ஊர் ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. மழைக்காலத்தில் தோல் பைக்குள் போட்டு பீரோவில் பூட்டினால் லென்ஸில் பூஞ்சை பூத்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். வாரம் ஒருமுறை எடுத்து நாலு படம் எடுங்கள். அதுவே நல்ல பராமரிப்பு. பாக்கெட் கேமராவின் லென்ஸ் உள்ளே வெளியே போய்வருவது. கடல்மணலும் களத்துத் தூசும் இடுக்கில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது இந்திய வாரன்டி அட்டையும் ஜிஎஸ்டி பில்லும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் இல்லாமல் மலிவாகக் கிடைப்பது, பழுதானால் உங்கள் தலையில்தான் விழும்.

காசில்லாத ஒரு சோதனை

இன்னும் குழப்பமாக இருக்கிறதா? உங்கள் போன் கேலரியைத் திறந்து கடைசி 200 படங்களைப் பாருங்கள். 'இன்னைக்கு போட்டோ எடுக்கணும்' என்று கிளம்பிப் போய் எடுத்தவை எத்தனை? வீட்டில், வழியில், வாசலில் தானாகக் கிடைத்ததைச் சட்டென்று எடுத்தவை எத்தனை? முதல் வகை அதிகம் என்றால் மிரர்லெஸ்ஸும் 50 எம்எம் லென்ஸும் வாங்குங்கள். இரண்டாவது வகை அதிகம் என்றால் பாக்கெட் கேமராவை வாங்குங்கள்.

இரண்டு வகையிலும் வீட்டுப் பெரியவர்கள் படம் ஒன்றுகூட இல்லையென்றால், கேமரா வரும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கும் போனிலேயே இன்றைக்கு எடுத்துவிடுங்கள்.